பீம்ராவின் வலது கால் மீதான விசாரணை

அலைகடல் சரக்குப் பெட்டக நிலையம் தன் ஊழியர்களின் உடல்நலத்தில் அக்கறை கொள்வது என்று முடிவெடுத்த அன்றே பீம்ராவுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது.

நிலையம் அதற்கு முன்பும் பல விஷயங்களில் அக்கறை கொண்டிருக்கிறது. தீத்தடுப்பு வாரத்தில் தீயணைப்பானுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, யாரும் தொட்டு அழுக்காக்கிவிடக் கூடாது என்று கேன்டீன் மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி பொது மேலாளரிடம் இருக்கிறது. பசுமை வாரத்தில், டிரெய்லர் லாரிகள் திரும்பும் இடமாகப் பார்த்து ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். அது எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. இந்த முறை ஆரோக்கிய வாரம். ‘நீட்டுவோம், நிமிர்வோம், நிலையத்தை உயர்த்துவோம்’ என்று வாசலில் பேனர் தொங்கியது. தசைவலியும் நரம்புவலியும் உள்ளவர்கள் மருந்து மாத்திரை இல்லாமல், வலிக்குக் காரணமான சதையை மட்டும் நீட்டிவிட்டுக் குணமடைவது எப்படி என்பதைப் பொது மேலாளர் பக்தவச்சலமே நேரில் விளக்குவார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

பீம்ராவ் அங்கே ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறவன். கண்டெய்னரை மேலிருந்து கவ்வித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டி அது. பதினான்கு வருடமாகக் கான்ட்ராக்டில் ஓட்டுகிறான். இதுவரை ஒரு பெட்டிக்கும் கீறல் விழுந்ததில்லை. சேதாரமெல்லாம் அவனுடைய வலது காலுக்குத்தான். வண்டியின் சீட்டு ஸ்பிரிங் உடைந்து மூன்று வருடம் ஆகிறது. கோணிப்பையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, திருவொற்றியூர் யார்டின் பள்ளம் மேடெல்லாம் குலுங்கிக் குலுங்கி, இடுப்புக்குக் கீழே ஒரு வலி பிறந்தது. அது பின்தொடை வழியாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓடும். சீட்டை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தான். சீட்டு என்பது இயந்திர நலத்தில் வருகிறது, ஊழியர் நலத்தில் வரவில்லை, இயந்திர நல வாரம் நவம்பரில் நடக்கும் என்று பதில் வந்தது. எந்த வருடத்து நவம்பர் என்று போடவில்லை.

வேறு வழியில்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போனான். பிசியோதெரபி பிரிவில் நர்மதா என்கிற பெண் அவனுக்கு நாலு நிமிடம் ஒதுக்கினாள். வெளியே அறுபது பேர் காத்திருந்த நிலையில் அது பெரிய மனசுதான்.

“உங்க பின்பக்கத்துல, உள்ளுக்குள்ள, ஒரு சின்ன சதை இருக்குண்ணா. நாள் பூரா உட்கார்ந்து உட்கார்ந்து அது இறுகிப்போய் நரம்ப நெருக்குது. அந்தச் சதைய மட்டும் நீட்டிவிட்டா போதும். நாற்காலியிலயே பண்ணலாம். வலது கணுக்கால தூக்கி இடது முட்டி மேல வையுங்க. முதுகு நேரா இருக்கணும். அப்படியே லேசா முன்னால சாயுங்க. முப்பது எண்ணுங்க. மூணு தடவ. அப்புறம் அடுத்த கால்.”

“அவ்ளோதானாம்மா?”

“அவ்ளோதான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல உட்காராதீங்க. உட்கார வேண்டி வந்தா இத விட்டுடாதீங்க.”

அங்கேயே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே செய்து பார்த்தான். இருபது எண்ணும்போது சுண்டுவிரலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் இறங்கிப்போனது. ஒன்றரை வருட வலி அது. பீம்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தச் சிகிச்சைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதை நர்மதா அவனிடம் சொல்லவில்லை. கால் மேல் கால் போட்டு உட்காருவது என்பது அந்தப் பெயர். சின்னப் பெண், அதை வைத்தியம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கிய வாரத் தொடக்க விழா கேன்டீன் ஹாலில் நடந்தது. விபத்தே செய்யாத ஓட்டுநர் என்று சால்வை போடுவதற்காகப் பீம்ராவை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில், கல்யாண மண்டபத்திலிருந்து வரவழைத்த சிம்மாசன நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே பக்தவச்சலம் பேச ஆரம்பித்தார்.

“நண்பர்களே, வலி என்பது உடம்பில் இல்லை. மனதில் இருக்கிறது. நான் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்தே உழைக்கிறவன். குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி. ஒரு நாளாவது இடுப்பு வலி என்று நான் சொன்னதுண்டா? இல்லை. காரணம், கட்டுப்பாடு. உங்களுக்கும் எனக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. நான் யாரையும் பேதம் பார்க்கிறவன் அல்ல. என் டிரைவர்கூட என்னுடைய காரில்தான் வருகிறான்.”

கை தட்டினார்கள். அவருக்குப் பின்னால் திரையில் படங்கள் ஓடின. மனிதவளத் துறையைச் சேர்ந்த நோயல் அவற்றை இணையத்திலிருந்து இறக்கியிருந்தார். திரையில் போடுவதற்கு முன் நிலையத்தில் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை, நோயல் உட்பட.

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. பீம்ராவின் இடுப்பில் கரண்ட் புறப்பட்டது. பல்லைக் கடித்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தான். தொடை இழுத்தது, கெண்டைக்கால் விறைத்தது. சால்வை வாங்க எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று பயம் வந்தது. தலையை நிமிர்த்தியபோது திரையில் பதினான்காவது படம். ஒரு வெள்ளைக்காரப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது முட்டியின்மேல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தமிழில், ‘வலிக்கும்போது உடனே செய்யவும்’ என்று போட்டிருந்தது.

பதினான்கு வருடத்தில் நிலையத்திலிருந்து இவ்வளவு தெளிவான உத்தரவு பீம்ராவுக்குக் கிடைத்ததில்லை. காலைத் தூக்கி வைத்தான். முன்னால் சாய்ந்தான். எண்ண ஆரம்பித்தான்.

பக்தவச்சலத்தின் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. அவர் பீம்ராவின் செருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார்.

“என் அப்பா முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது” என்றார் மெதுவாக. “என் முதலாளி முன்னால் இன்றைக்கும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறேன். இதெல்லாம் ரத்தத்தில் வரவேண்டும். சில பேட்டைகளில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இறக்கு.”

பீம்ராவ் பதினெட்டில் இருந்தான். பாதியில் விட்டால் நரம்பு திரும்பப் பிடித்துக்கொள்ளும். எதிர்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு நினைப்பே இல்லை. உள்ளதைச் சொன்னான்.

“இன்னும் பன்னண்டு கீது சார்.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் விஷயத்தைக் கெடுத்தது.

மறுநாள் காலை மெமோ வந்தது. ‘முதல் வரிசையில் அமர்ந்திருந்த தாங்கள், பொது மேலாளர் அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, தங்களது வலது காலைத் தங்களது இடது காலின் மீது எவ்வித முன் அனுமதியுமின்றி வைத்ததோடு, செருப்பின் அடிப்பாகத்தை அன்னாரை நோக்கித் திருப்பியும், இறக்கச் சொன்னபோது எஞ்சிய எண்ணிக்கையை அறிவித்தும்…’ என்று அது போயிற்று. கூடவே ஒரு சுற்றறிக்கை. நிலைய வளாகத்துக்குள் எந்த இருக்கையிலும், எந்தக் காரணத்துக்காகவும், எவரும் ஒரு காலின் மீது மறு காலை வைக்கக் கூடாது. மீறுவோர் கேமராப் பதிவின் பேரிலேயே பதவி நீக்கம் செய்யப்படுவர். ‘எவரும்’ என்பதற்கு முன்னால் ‘பதவி வேறுபாடின்றி’ என்று பக்தவச்சலம் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். சமத்துவத்தில் அவருக்கு நம்பிக்கை அதிகம். கேன்டீனிலும் காவலர் கூண்டிலும் ஸ்டேக்கர் வண்டிகளுக்குள்ளும் கேமரா மாட்டினார்கள். பீம்ராவின் வண்டிக்கு மூன்று வருடமாக வராத ஸ்பிரிங் அப்போதும் வரவில்லை. கேமரா மூன்றே நாளில் வந்தது.

மெமோ வந்த நேரம்தான் சரியில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் பதினொரு பேரை நிரந்தரமாக்கும் உத்தரவு தயாராகிப் பொது மேலாளரின் மேஜை டிராயரில் கிடந்தது. அதில் பீம்ராவின் பெயர் நான்காவது. கையெழுத்தாக இரண்டு விஷயம் வேண்டும். விசாரணையில் குற்றவாளி ஆகியிருக்கக் கூடாது. நிலையத்து டாக்டர் உடல் தகுதிச் சான்று தர வேண்டும். டாக்டர் வருடத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் புதன்கிழமை, பகல் இரண்டு மணி. விசாரணையும் அதே புதன்கிழமை, காலை பத்து மணி.

“பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு போயிகினே இரு மாமு” என்றான் டில்லிபாபு. வண்டிக்குக் கீழே நின்று பீம்ராவுக்குக் கை காட்டும் சிக்னல்மேன் அவன். பத்து வருட தோஸ்து.

“எழுதிக் குடுத்தா இனிமே போட மாட்டேன்னு எழுதணும். போடலன்னா டாக்டர் கால தூக்கசொல்ல கத்திடுவேன். நேரா எழுபது டிகிரி தூக்கணுமாம். இல்லன்னா அன்ஃபிட்டு.”

“எழுதிக் குடுக்கலன்னா?”

“விசாரணைல கவுத்துடுவாங்க.”

“பேஜாருதான்” என்றான் டில்லிபாபு.

செவ்வாய்க்கிழமை மாலை பீம்ராவ் புளியந்தோப்புக்குத் திரும்பி, ஹவுசிங் போர்டு படிக்கட்டில் மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். வீட்டில் கேமரா கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து காலைப் போட்டான். மனைவி ஷாலு காய் நறுக்கிக்கொண்டே அவனுக்காக எண்ணினாள். சுவரில் காலண்டர் புத்தர் இரண்டு காலையும் மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் மெமோ கொடுத்ததாகத் தெரியவில்லை.

“எழுதிக் குடுத்துடட்டா?” என்று கேட்டான்.

ஷாலு எண்ணுவதை நிறுத்தினாள். “இன்னான்னு எழுதுவ? ஒன் காலு மேல நீ ஒன் கால வச்சிகினதுக்கு அவுருக்கு எங்க வலிக்குது?”

பீம்ராவ் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

“இருவத்தாறு” என்று விட்ட இடத்திலிருந்து எண்ணினாள் ஷாலு. பதினான்கு வருடமாக அந்த நிரந்தர உத்தரவுக்காகக் காத்திருந்தவள் அவளும்தான்.

புதன்கிழமை விசாரணை அதே கேன்டீன் ஹாலில் நடந்தது. கூட்ட அறையில் ஆரோக்கிய வார வெற்றி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. விசாரணை அதிகாரி பரசுராமன், பணி ஓய்வு பெற்றவர், விதிப்புத்தகத்தை மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தார்.

“இதுவரை நூற்றுப் பதினான்கு விசாரணை நடத்தியிருக்கிறேன்” என்று ஆரம்பித்தார். “அனைவருக்கும் முழு வாய்ப்பு அளித்திருக்கிறேன். ஒருவரைக்கூட நிரபராதி என்று விட்டதில்லை. ஆகவே நீர் தைரியமாகப் பேசலாம்.”

பீம்ராவுக்கு முதுகு சாய இடமில்லாத இரும்பு ஸ்டூல். முன்னால் டைப் செய்த மன்னிப்புக் கடிதம், மூடி திறந்த பேனா. எதிரே சிம்மாசன நாற்காலியில் பக்தவச்சலம். தலைக்குமேல் கேமராவின் சிவப்பு விளக்கு. நோயல் குறிப்பெழுதினார்.

எந்தக் கால் முதலில் நகர்ந்தது, தூக்கும்போது மூச்சை இழுத்தாரா விட்டாரா, செருப்பு எந்த வருடம் வாங்கியது என்று கேள்விகள் போயின. பதினொன்றரைக்கு இடுப்பில் வலி புறப்பட்டது. பன்னிரண்டுக்கு முட்டியைத் தாண்டியது. டில்லிபாபுவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

“சம்பவத்தின்போது நீர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்?”

“படம் பாத்துகினு இருந்தேன் சார்.”

“படத்தில் என்ன இருந்தது?”

“அதேதான் சார். ஒரு லேடி கால் மேல கால் போட்டுகினு இருந்துது. வலிச்சா ஒடனே செய்யின்னு எழுதியிருந்துது.”

பரசுராமன் நோயலைப் பார்த்தார். “படத்தின் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அடித்துவிடுங்கள்.” நோயல் அடித்தார்.

பன்னிரண்டு நாற்பது. பீம்ராவின் சுண்டுவிரல் மரத்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு நிமிடம் கழிவறைக்குப் போய்வரலாமா என்று கேட்டான். குற்றம் சாட்டப்பட்டவர் நடுவில் வெளியேறினால் ஒருதலையாகத் தீர்ப்பெழுத ஒன்பதாம் விதி இடம் தருகிறது என்று பரசுராமன் அன்போடு நினைவூட்டினார். இன்னும் ஒரு மணி இருபது நிமிடத்தில் டாக்டர் வந்துவிடுவார். இந்தக் காலை வைத்துக்கொண்டு படுத்தால் முப்பது டிகிரிகூடத் தேறாது. பேனா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்தான்.

“நல்லது” என்றார் பக்தவச்சலம். “எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. செருப்பின் அடியை என் முகத்துக்கு நேரே காட்டினாய். அதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.”

பீம்ராவின் கை நின்றது. கால் போட்டது உண்மை. அதை அவன் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் வலது கணுக்காலை இடது முட்டிமேல் வைத்தால் செருப்பு இடது பக்கம் பார்க்குமே தவிர எதிரே எப்படிப் பார்க்கும்? நடக்காத ஒன்றை நடந்தது என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“சார், செருப்பு ஒங்கள பாக்கல சார். அந்த மூலைல கண்ணாடிப் பொட்டில கீதே, அந்த ஃபயர் சிலிண்டர பாத்துது. வேணும்னா போட்டுக் காட்றேன்.”

பக்தவச்சலம் சிவந்தார். ஆனால் பரசுராமனின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் விதிப்புத்தகத்தின் பக்கங்களை வேகமாகப் புரட்டினார்.

“விதி பதினேழு. உண்மை குறித்துத் தகராறு எழுந்தால் சம்பவத்தை அதே இடத்தில், அதே நபர்கள் முன்னிலையில், அதே விதமாக மறுபடி நிகழ்த்தி அளவெடுக்க வேண்டும். நூற்றுப் பதினான்கு விசாரணையில் இதைப் பயன்படுத்த எனக்குச் சந்தர்ப்பமே வாய்த்ததில்லை.”

“கேமரா இருக்கிறதே” என்றார் பக்தவச்சலம்.

“சுற்றறிக்கையிலிருந்து விலக்கு அளிக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும், மறுநிகழ்வின்போது மட்டும்.” நோயல் எழுதிக்கொண்டார். “தாங்கள் பாதிக்கப்பட்டவர். தாங்கள் அதே ஆசனத்தில் அசையாமல் இருக்க வேண்டும்.”

கண்டெய்னர் அளக்கும் டேப்பும், நோயலின் மகளுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியும் வந்தன. ஸ்டூலை எடுத்துவிட்டு அன்றைக்கு இருந்த மாதிரியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

“அன்று எப்படி இருந்தீரோ அப்படியே” என்றார் பரசுராமன். “அளந்து முடிக்கும்வரை இறக்கக் கூடாது.”

பீம்ராவ் காலைத் தூக்கினான். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முட்டிமேல் வைத்து முன்னால் சாய்ந்தான். நோயல் தரையில் மண்டியிட்டுச் செருப்பிலிருந்து சிம்மாசனம் வரை டேப்பை இழுத்தார். பீம்ராவ் மனதுக்குள் எண்ணினான். இருபத்தொன்றில் சதை இளகியது. இருபத்தேழில் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி வந்தது. முப்பது.

தன்னை என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“சார்” என்றான் பணிவாக. “அன்னிக்கு இன்னும் கொஞ்சம் குனிஞ்சிகினு இருந்த மாதிரி ஞாபகம். ஒரு தபா அளந்தா தப்பாப்பூடும்.”

“நியாயம்” என்றார் பரசுராமன். “மூன்று முறை அளந்து சராசரி எடுப்போம்.”

மூன்று முறை அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் பக்தவச்சலம் சிம்மாசனத்தில் அசையாமல் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்க்க வேண்டியிருந்தது. மறுநிகழ்வில் பாதிக்கப்பட்டவர் முகம் திருப்பக் கூடாது என்று பதினேழின் உட்பிரிவு சொன்னது. பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க இடது காலையும் போட வேண்டாமா என்று பீம்ராவ் சந்தேகம் கேட்டான். அதையும் மூன்று முறை போடச் சொன்னார் பரசுராமன். நர்மதா சொன்ன கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்று ஐம்பத்தைந்துக்கு பீம்ராவ் எழுந்து நின்றபோது வலது கால் அவனுடையதாகவே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது.

டாக்டர் அவனைப் படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கினார். எழுபது வந்தது. எண்பதும் வந்தது.

“வலிக்குதா?”

“இல்ல சார்.”

டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார். பீம்ராவ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யார்டைக் கடந்து ஓடிவந்தான். ஓட முடிந்ததே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசலில் நின்ற டில்லிபாபுவிடம் காகிதத்தைக் காட்டிவிட்டு ஹாலுக்குள் போனான்.

பரசுராமன் சான்றை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு தீர்ப்பை எழுதிக்கொண்டே வாசித்தார்.

“மருத்துவச் சான்றின்படி உமக்கு வலி கிடையாது. வலி இல்லாத ஒருவர், வலிக்காகக் காலைத் தூக்கினேன் என்று சொல்வதை ஏற்பதற்கில்லை. ஆகவே மரியாதைக் குறைவுக்காகவே தூக்கினீர் என்று தெளிவாகிறது.”

“சார், இப்ப இங்க போட்டதாலதான் சார் வலி போச்சு.”

“அதை டாக்டரிடம் சொன்னீரா?”

“சொன்னா அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாரே சார்.”

“உண்மையை மறைத்ததாகவும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் பரசுராமன் நோயலிடம்.

“செருப்பு? அளந்தீங்களே சார்.”

“தீயணைப்பானைத்தான் நோக்கியிருந்தது. சராசரியில் சந்தேகமே இல்லை. அது உமக்குச் சாதகமாக இருப்பதால் அடிக்குறிப்பில் சேர்க்கப்படும்.”

குற்றம் நிரூபணம். நிரந்தரப் பட்டியலிலிருந்து நீக்கம். வண்டியிலிருந்து இறக்கிச் சுமைப் பிரிவுக்கு மாற்றம். இடுப்பில் நரம்பு பிடித்த ஒருவனை மூட்டை தூக்க அனுப்புகிறார்கள். ஷாலுவிடம் போய் என்ன சொல்வது என்று பீம்ராவுக்குத் தெரியவில்லை. பக்தவச்சலம் சிம்மாசனத்தில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஹாலை விட்டுப் போகத் திரும்பியவன் கதவருகே நின்றான். காலைச் சும்மா ஒருமுறை உதறிப் பார்த்தான். வலி இல்லை.

“சார், இதுக்கு அப்பீல் கீதா சார்?”

பரசுராமனின் கண் பளிச்சிட்டது. மறுபடி புத்தகம் திறந்தது. “விதி இருபத்திரண்டு. முறையீடு உண்டு. வாரம் ஓர் அமர்வு, புதன்கிழமைதோறும். முறையீடு முடியும்வரை ஊழியர் பழைய வேலையிலேயே தொடர்வார், நிரந்தர உத்தரவில் அவர் இடமும் காலியாக வைக்கப்படும். ஒவ்வோர் அமர்வும் உண்மைத் தகராறிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அதாவது…” அவர் ஒரு கணம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். “மறுநிகழ்வு. பாதிக்கப்பட்டவர் முன்னிலையில்.”

“எத்தனை அமர்வு?” என்றார் பக்தவச்சலம்.

“உச்சவரம்பு இல்லை. இந்த விதியில் தாங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் நடந்தது. பீம்ராவ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொது மேலாளர் எதிரில், விதிப்படி கால் மேல் கால் போட்டான். நோயல் அளந்தார். பரசுராமன் சராசரி எடுத்தார். வாரம் ஒரு தடவை ஆபீஸில், மற்ற நாளெல்லாம் வீட்டில் என்று பீம்ராவின் கால் தேறிக்கொண்டே வந்தது. ஆனால் டிராயரில் கிடக்கும் உத்தரவு டிராயரிலேயே கிடந்தது. ஒரு புதன்கிழமை பரசுராமனுக்கு உடம்பு முடியாமல் போனால்கூட ஒருதலையாக முடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் பயத்தோடுதான் வந்தான்.

ஏழாவது அமர்வு. எண்ணூர் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே இரண்டரை மணி நேரம் காரில் சிக்கி வந்து சேர்ந்த பக்தவச்சலம், மரக்கட்டை போன்ற சிம்மாசனத்தில் மேலும் இரண்டு மணி நேரமாக அசையாமல் இருந்தார். மூன்றாவது அளவின்போது கோணமானி உடைந்தது. வேறொன்று வாங்க நோயல் கடைக்குப் போனார். பரசுராமன் கழிவறைக்கு எழுந்து போனார். அவருக்கு அதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை.

ஹாலில் இருவர் மட்டும். அளவு முடியாததால் பீம்ராவ் போட்ட காலை இறக்கவில்லை. பீம்ராவ் பார்த்தான். பக்தவச்சலத்தின் வலது கை மெல்ல இடுப்புக்குக் கீழே போயிற்று. உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்தது. நெற்றியில் வியர்வை. வலது பாதத்தைத் தரையில் ஊன்றவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். பீம்ராவுக்கு அந்த வலியின் ஒவ்வொரு அங்குலமும் தெரியும்.

“சுண்டுவெரல் வரைக்கும் வந்துட்ச்சா சார்?”

பக்தவச்சலம் எங்கோ பார்த்தபடி கேட்டார். “அது… எத்தனை எண்ணணும்?”

“முப்பது சார். மூணு தபா.”

அவர் கதவைப் பார்த்தார். கூரையில் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். வலி இன்னொரு முறை இழுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“போடுங்க சார்” என்றான் பீம்ராவ். “நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

பக்தவச்சலம் இரண்டு கையாலும் தன் வலது காலைத் தூக்கினார். பாலிஷ் போட்ட ஷூ இடது முட்டியின்மேல் வந்து உட்கார்ந்தது. பீம்ராவ் முன்னால் சாயச் சொன்னான், சாய்ந்தார். ஒன்று, இரண்டு என்று பீம்ராவ் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். பத்தில் அவர் பெருமூச்சு விட்டார். பதினைந்தில் முகம் தெளிந்தது.

பதினெட்டில் கதவு திறந்தது. புதுக் கோணமானியோடு நோயல், அவருக்குப் பின்னால் விதிப்புத்தகத்தோடு பரசுராமன். எதிரும் புதிருமாகக் கால் போட்டிருந்த இருவரையும் அவர்கள் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பதவி வேறுபாடின்றி” என்று பரசுராமனின் வாய் தானாக முணுமுணுத்தது.

பக்தவச்சலம் அவசரமாகக் காலை இறக்கப் போனார். பீம்ராவ் கையைக் காட்டி அவரைத் தடுத்தான்.

“நடுவுல எறக்கக் கூடாது சார்” என்றான். “இன்னும் பன்னண்டு கீது.”